தரப்படுத்தலும் இடஒதுக்கீடும் ஒன்றாமோ?

ஒரு பொய் தமிழ்நாட்டில் நெடுநாளாக உலவி வருகின்றது. ஈழத்தமிழ் இளைஞர் படைக்கலம் ஏந்தியது கல்வியில் இடஒதுக்கீட்டை எதிர்த்தே என்பதும், ஆகலின் ஒடுக்கப்பட்டோர்க்கு இடம் ஒதுக்கும் முறை எந்நாட்டில் இருப்பினும் அந்நாட்டைப் பிளந்தே தீரும் என்பதும் அப்பொய்யின் இரு கால்கள். தகுதி தகுதி என்று தொண்டை நோகக் கத்துவோர் மேடைதொறும் இதனை எடுத்துக்காட்டுகின்றனர். ஈழத்தின் மேல் வேறு எந்நாளும் இவர்கட்கு இரக்கம் பிறந்ததில்லை. இந்த ஓரிடத்தில் மட்டும் கண்ணீர் பெருகுகின்றது. கேட்கும் தமிழ் இளைஞரும் செய்தி அறியாமையால் வாய் அடைத்து நிற்கின்றனர். ஆகலின் இலங்கையில் நடந்தது என்ன, எந்த ஆண்டில் எந்தக் கணக்குப் போடப்பட்டது என்பதைப் புரட்டிப் பார்ப்பது கடமையாகின்றது.

முதற்கண் அச்சொல்லையே நோக்குக. தரப்படுத்தல் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். நெல்லைத் தரம் பிரிப்பவன் பதரைத் தூற்றுவான். மணியை எடை குறைத்துப் பதரோடு ஒப்பவைக்க மாட்டான். சிங்கள அரசு செய்தது பின்னது. நல்ல சொல் ஒன்றைப் போர்வையாக்கித் தீய செயலை மூடுதல் ஆட்சியாளர்க்குப் பழகிய கலை. அதில் இதுவும் ஒன்று.

1970-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையில் கூட்டணி ஆட்சி அமைந்தது. கல்வியமைச்சர் பதியுதீன் மகுமூது. அந்நாளில் இலங்கையில் உயர்தரத் தேர்வு நான்கு பாடங்களைக் கொண்டது. பாடத்திற்கு 100 ஆக மொத்தம் 400 மதிப்பெண். அம்மொத்தத்தைக் கொண்டே மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் ஆள் எடுத்தனர். மாணவர் தேர்வை எழுதி முடித்திருந்தனர், தாள்கள் திருத்தப்பட்டிருந்தன. அதன் பின்னர், தமிழ்த் தாள்களைத் திருத்திய தமிழாசிரியர்கள் மதிப்பெண்ணை வாரி வழங்கிவிட்டனர் என்றொரு பழி கிளப்பப்பட்டது. அப்பழி மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஆயினும் பழி சொல்லப்பட்டதே போதுமானதாயிற்று. எழுதி முடித்த தேர்வுக்கு எழுதியபின் நெறி வகுத்தனர். மருத்துவத்திற்குத் தமிழ் மாணவன் 250 பெறல் வேண்டும், சிங்கள மாணவனுக்கு 229 போதும். பேராதனையில் பொறியியலுக்குத் தமிழனுக்கு 250, சிங்களவனுக்கு 227. இயற்பியல்சார் அறிவியலுக்கு முன்னவனுக்கு 204, பின்னவனுக்கு 183.

இவ்வெண்களைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 249 மதிப்பெண் பெற்ற தமிழ் மாணவன் வாயிலுக்கு வெளியே. 227 பெற்றவன் உள்ளே. இடையில் நிற்பன இருபத்திரண்டு மதிப்பெண்கள். அந்த இருபத்திரண்டும் அவன் கற்றதற்காகக் கழிக்கப்பட்டவை அல்ல, எந்த மொழியில் கற்றான் என்பதற்காகக் கழிக்கப்பட்டவை. உள்ளே புகுந்தபின் இருவர்க்கும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன என்பது இதனினும் பெரிய வேடிக்கை. பல்கலைக்கழகத்திற்குள் மொழிக்கு வேலை இல்லை. வாயிலில் மட்டும் மொழிக்குச் சுங்கம்!

நாட்டுப்புறத்துச் சிங்கள ஏழை மாணவனைக் கைதூக்கிவிடவே இவ்வாறு செய்தனர் என்று பரிந்து பேசுவோர் உளர். மொனராகலையிலும் அம்பாந்தோட்டையிலும் ஆய்வுக்கூடம் இல்லாப் பள்ளிகள் இருந்தன என்பது மெய். அங்குள்ள உழவன் மகனுக்கு உதவி வேண்டும் என்பதும் மெய். ஆனால் 1970-இன் கணக்கு அவனைத் தேடிச் செல்லவில்லை. கொழும்பின் பெரும்பள்ளியில், மாடிவீட்டுப் பிள்ளையாய்ப் படித்த சிங்களவனுக்கும் 227. முல்லைத்தீவின் குடிசையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தமிழனுக்கு 250. ஏழைக்கு உதவும் கணக்கு எனில் ஏழை யார் என்று கேட்டிருக்கும். இக்கணக்கு கேட்டது ஒன்றே ஒன்று: நீ எழுதியது எம்மொழி?

அடுத்தது 1973. முன்னாண்டின் முரட்டு வெட்டு உலகோர் கண்ணை உறுத்திற்று. ஆகவே வெட்டுக் கத்தியைக் கணக்கியல் உறைக்குள் இட்டனர். மொழிவாரித் தரப்படுத்தல் என்பது அதன் முழுப்பெயர். இதன் இயக்கத்தை அறியாமற் பேசுவோர் மிகப்பலர் ஆகலின் சிறிது விரித்துச் சொல்லுதல் தகும்.

ஒரு பாடத்தில் தமிழில் எழுதியோரின் மதிப்பெண்களை ஒரு குழுவாகவும், சிங்களத்தில் எழுதியோரின் மதிப்பெண்களை மற்றொரு குழுவாகவும் பிரிப்பர். ஒவ்வொரு குழுவுக்கும் சராசரி எனப்படும் நிரவலைக் காண்பர். மதிப்பெண்கள் அந்நிரவலினின்று எவ்வளவு விலகிப் பரந்துள்ளன என்பதையும் காண்பர். பின்னர் இரு குழுக்களையும் ஒரே நிரவலுக்கும் ஒரே விலக்கத்துக்கும் இழுத்து வைப்பர். எடுத்துக்காட்டாக, இயற்பியலில் தமிழ்க் குழுவின் நிரவல் 40, சிங்களக் குழுவின் நிரவல் 30 என்க. விலக்கம் இரண்டிற்கும் ஒன்றே என்க. பொது நிரவலை 35 எனக் கொண்டால், 60 பெற்ற தமிழ் மாணவன் 55-க்கு இறங்குவான்; 50 பெற்ற சிங்கள மாணவன் 55-க்கு ஏறுவான். பத்து மதிப்பெண் இடைவெளி காற்றில் கரைந்துபோம். விடைத்தாளில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது அவன் யாரோடு சேர்த்து எண்ணப்பட்டான் என்பதே.

இக்கணக்கு எப்போது முறையாகும்? இரு குழுக்களும் திறத்தில் ஒத்தவை என்று முன்னரே நாட்டப்பட்டிருப்பின் முறையாகும். அப்போது நிரவலின் வேறுபாடு வினாத்தாளின் கடுமையையோ திருத்துவோர் கையையோ காட்டும். ஆனால் ஒரு குழு உண்மையிலேயே நன்கு கற்றிருந்தால்? அக்கல்வியையே பிழையென்று கணக்கு கழித்துவிடும். துலாக்கோலில் எப்பொருளை இட்டாலும் தட்டுகள் நேராக நிற்கும்படி முள்ளைக் கட்டிவைத்துவிட்டு, இரண்டும் ஒரே எடை என்று கூவுவது போன்றது இது. கணக்கியலுக்கு இனவெறி இல்லை. குழுவைப் பிரிக்கும் கைக்கு இருந்தது.

1974-இல் மாவட்டப் பங்கீடு இதனோடு சேர்க்கப்பட்டது. 1975-இல் இடங்கள் முழுமையும் மாவட்ட மக்கள்தொகைப்படி பகிரப்பட்டன. 1976-இல் எழுபது விழுக்காடு மதிப்பெண்ணுக்கும் முப்பது விழுக்காடு மாவட்டத்திற்கும் என்று மாற்றினர். ஆறாண்டில் ஐந்து நெறிகள்! பள்ளியில் உயர்தர வகுப்புப் புகும்போது ஒரு நெறி, தேர்வு எழுதும்போது மற்றொன்று, பெயர்ப்பட்டியல் வரும்போது வேறொன்று. விளையாட்டின் நடுவில் கோட்டை நகர்த்துவோனைச் சிறுவர்களும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை.

விளைவு என்ன? 1969-70-இல் பொறியியலிலும் மருத்துவத்திலும் தமிழ் மாணவர் ஏறத்தாழச் செம்பாதி இருந்தனர். 1975-இல் அது ஆறில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கிற்று. ஐந்தாண்டுக்குள் ஒரு தலைமுறையின் வாயில் அடைக்கப்பட்டது.

மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான தமிழர் செம்பாதி இடத்தைப் பெற்றிருந்தது முறையோ என்பது எதிரிகள் தொடுக்கும் அடுத்த கணை. இதற்கு விடை கூறாமல் நழுவுதல் ஆண்மையன்று. செம்பாதி என்பது இரண்டொரு துறைகளில் மட்டுமே. மாணவர் மிகுதியும் பயின்ற கலைப்பிரிவில் சிங்களவரே பெரும்பான்மையினர். பொறியியலிலும் மருத்துவத்திலும் தமிழர் குவிந்ததற்குக் கரணியம் உண்டு. யாழ்ப்பாணம் ஆறில்லா ஊர். கிணற்றுநீர் இறைத்துப் பயிர்செய்யும் வறள்நிலம். 1816-இல் வந்திறங்கிய அமெரிக்கக் கிறித்தவப் பரப்பாளர் 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் நிறுவினர். அதற்குப் போட்டியாகச் சிவநெறியாளர் பள்ளிகள் எழுந்தன. நிலம் கொடாததைக் கல்வியினின்று கறந்தனர் மக்கள். பின்னர் 1956-இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. எழுத்தர் வேலை, ஆட்சிப்பணி என எங்கும் சிங்களம் அறியாதவனுக்கு இடமில்லை என்றாயிற்று. மொழி கேளாத வேலைகள் எஞ்சியவை இரண்டே: நோயைக் குணமாக்குதல், பாலம் கட்டுதல். ஆண்டு முழுதும் எழுதுகோல் வேலைக்குப் பூட்டுப் போட்டவர்களே, ஏன் எல்லாரும் மருத்துவத்திற்கு ஓடுகிறீர்கள் என்று பின்னர்க் கேட்டனர்!

இவ்விடத்தில் தமிழர் தம் முதுகையும் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெரும்பள்ளிகளின் கதவு எல்லாத் தமிழர்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் அங்கே பட்ட இழிவு சிறிதன்று. மன்னாரிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் பிறந்த தமிழ்ப் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடு போட்டியிட்டு வெல்லல் அரிதாகவே இருந்தது. மாவட்டப் பங்கீட்டினால் இவர்களுள் சிலர்க்குக் கதவு திறந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆகவே மாவட்டப் பங்கீடு என்னும் கருத்தையே முற்றாகப் பழித்தல் தகாது. பழிக்கத்தக்கது அதனைச் செய்த வகை.

அந்த வகைக்கு ஒரே ஒரு சான்று போதும், மலையகம். 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 11 நூறாயிரத்து 75 ஆயிரவர். இலங்கை மக்கள்தொகையில் 9.3 விழுக்காட்டினர். 1948-இன் சட்டத்தால் அவருள் மிகப்பெரும்பாலோர் குடியுரிமை பறிக்கப்பட்டோர். தோட்டத்துப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளைத் தாண்டியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அங்கிருந்து உயர்தரத் தேர்வு வரை வருவோர் யார்? ஆனால் நுவரெலியா மாவட்டத்திற்கு இத்தனை இடம் என்று கணக்கிடும்போது இக்கொழுந்து பறிப்போரின் தலைகளும் எண்ணப்பட்டன. இடம் வந்தது அவர்தம் தலைக்கு. அதனில் அமர்ந்தது அதே மாவட்டத்து மற்றவர். வாக்குச்சீட்டுக் கொடுக்கும்போது இவர்கள் இந்நாட்டார் அல்லர். பல்கலைக்கழக இடத்திற்குத் தலை எண்ணும்போது மட்டும் இந்நாட்டார். உலகில் எந்நாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பெயரால் இத்தகைய களவு நடந்தது?

யாழ்ப்பாணத்தின் நிலையோ வேறு. 1971-இல் அம்மாவட்ட மக்கள் ஏறத்தாழ 7 நூறாயிரவர். இலங்கை முழுமைக்கும் 1 கோடியே 27 நூறாயிரவர். பங்கு 5.5 விழுக்காடு. நூறு இடம் உண்டெனில் ஐந்தோ ஆறோ. அதற்கு மேல் எத்துணைத் திறம் படைத்தவனாயினும் அவனுக்கு வேறு வாயில் இல்லை. புதிய பல்கலைக்கழகம் கட்டித் தரலாமே எனின், 1974-இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது மெய். ஆனால் அங்கு மருத்துவம் வந்தது 1978-இல். பொறியியல் வந்ததோ, கேட்போர் நம்பார், 2014-இல், கிளிநொச்சியில். 1970-இல் 249 பெற்று வெளியே நின்ற மாணவன் உயிரோடிருந்தால் அந்நாளில் அவனுக்கு அறுபது அகவை கடந்திருக்கும்.

1970-லேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றிற்று. ஊர்வலம் சென்றனர், முறையிட்டனர், தந்தையர் நாடாளுமன்றத்தில் பேசினர். 1972-இன் அரசமைப்பு சிங்களத்தை அரியணையில் அமர்த்திப் புத்தநெறிக்கு முதலிடம் தந்தது. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் காவல்துறையின் தாக்குதலால் உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டு சூன் 5-ஆம் நாள் காவலர் சூழ்ந்தபோது பொன். சிவகுமாரன் நஞ்சருந்தி மாண்டான். 1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் தனியரசு முடிவு எழுந்தது. தரப்படுத்தல் ஒன்றே போரை மூட்டிற்று என்பது அறியாமை. மொழிச்சட்டம், குடியேற்றம், கொலை எனக் கரணியங்கள் பலவாம். ஆயினும் அதுவரை அப்பன் பாட்டன் உரிமைபற்றிப் பேசக் கேட்டிருந்த பதினெட்டு அகவை இளைஞனுக்கு, அரசு என்பது யாது எனத் தன் பெயருக்கு நேரே அச்சிட்டுக் காட்டியது தரப்படுத்தலே.

இனி இடஒதுக்கீட்டோடு இதனை ஒப்பிடுவோர் கூற்றுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் வகுப்புவாரி ஆணை 1921-இல் பிறந்து 1928-இல் செயலுக்கு வந்தது. 1951-இல் உச்சநயன்மன்றம் அதனை வீழ்த்தியபோது பெரியாரும் தமிழ்மக்களும் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே இந்திய அரசமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இன்று இங்கு 69 விழுக்காடு ஒதுக்கீடு. எஞ்சிய 31 எல்லார்க்கும் பொது. இம்முறையில் எவனுடைய மதிப்பெண்ணிலேனும் ஓர் எண் கழிக்கப்பட்டதுண்டா? 190 பெற்றவன் 190 பெற்றவனாகவே இருக்கின்றான். பொதுப்பட்டியலில் எவனும் எக்குலத்தவனும் ஏறலாம். பல நூற்றாண்டாகக் கல்விக்கூடத்துப் படியில் கால்வைக்க விடப்படாதவர்க்கு, அவரைத் தடுத்தவர் கையிலிருந்து ஒரு பங்கை மீட்டுத் தருவது இது. தரப்படுத்தலிலோ, ஆட்சி, படை, காவல், ஆட்சிமொழி அனைத்தையும் கையில் வைத்திருந்த நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பெரும்பான்மையினம் தனக்குத்தானே சலுகை வழங்கிக்கொண்டது. யார் சிங்களரைக் கல்வி கற்காதே என்று தடுத்தனர்? தமிழனா? ஆண்டவன் வெள்ளையன், அவனுக்குப்பின் ஆண்டவர் அவர்களே. மொனராகலையில் ஆய்வுக்கூடம் கட்டாதது யாழ்ப்பாணத்தானின் குற்றமா?

வலியவன் மெலியவன் வாயினின்று பறித்ததையும், மெலியவன் தன் பங்கைக் கேட்டதையும் பங்கீடு என்ற ஒரே சொல்லால் குறிப்பது கொடுத்தலையும் களவையும் கைமாறுதல் என்று குறிப்பது போன்றது. ஈழத்துக்கு ஒப்புமை தேட வேண்டுவோர் வேறிடத்தில் தேடட்டும். ஒருமொழியாளர் ஆட்சி பிறமொழியாளர் தேர்வுக்கு நெறி வகுக்கும் இடங்களில் தேடினால் கிடைக்கும்.

1977-இல் ஆட்சி மாறியது. மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. ஆனால் 1979-க்குள் 30 விழுக்காடு மதிப்பெண்ணுக்கு, 55 மாவட்ட மக்கள்தொகைக்கு, 15 பின்தங்கிய மாவட்டங்கட்கு என்று புதுக்கணக்கு வந்தது. பின்னர் அது பலமுறை மாறி 40, 55, 5 என நின்றது. 2001 முதல் இசட் புள்ளி என்னும் முறை நடப்பிலுள்ளது. அதுவும் நிரவலும் விலக்கமும் கொண்டதே. 1973-இன் கணக்கின் உடன்பிறப்பே. வேறுபாடு ஒன்றுதான்: இப்போது குழு என்பது பாடம், மொழியன்று. (அங்கு ஒவ்வொரு துறைக்கும் மாவட்டத்திற்கும் வகுக்கும் கடைசி எண்ணை வெட்டுப்புள்ளி என்கின்றனர். பெயரிட்டவன் வரலாறு அறிந்தவனாதல் வேண்டும்.) 2011-ஆம் ஆண்டுத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரையும் புதியதில் எழுதியோரையும் ஒரே குழுவாக்கி இப்புள்ளியைக் கணக்கிட்டனர், தென்னிலங்கை கொதித்தது, 2012-இல் உச்சநயன்மன்றம் அதனைத் தள்ளி, தனித்தனியே கணக்கிடப் பணித்தது. குழு மாறின் எண் மாறும், எண் மாறின் வாழ்வு மாறும் என்பது தென்னிலங்கைக்கு அன்று விளங்கிற்று. வடபுலத்திற்கு முப்பத்தொன்பது ஆண்டு முன்னரே விளங்கியிருந்தது.

இன்னும் 55 விழுக்காடு மாவட்டத் தலைக்கணக்கின்படியே செல்கின்றது. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டமும், அதனினின்று பின்னர்ப் பிரிந்த கிளிநொச்சி மாவட்டமும் சேர்ந்து ஏறத்தாழ அதே 7 நூறாயிரவர். இலங்கையோ 1 கோடியே 27 நூறாயிரத்தினின்று 2 கோடியே 3 நூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. 5.5 விழுக்காடு 3.4 விழுக்காடாயிற்று. நாற்பதாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் எங்கே? செத்தோரும், கடல்கடந்து ஏதிலியாய்ப் போனோரும் கணக்கில் வாரார். குண்டுவீச்சில் இறந்தவன் வாழ்வை இழந்ததோடு தன் ஊரிலே பிறக்கப்போகும் பிள்ளையின் பல்கலைக்கழக இடத்தையும் இழந்தான்.

எஞ்சிய 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்கட்கு உரியது. அப்பட்டியலில் மொனராகலை இருக்கின்றது, அம்பாந்தோட்டை இருக்கின்றது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி இருக்கின்றன. 1970-இல் மிகுதியாகப் படித்துவிட்டது என்று மதிப்பெண் கழிக்கப்பட்ட யாழ்ப்பாணமும் இருக்கின்றது. ஈழத்தைக் காட்டி ஒதுக்கீட்டைப் பழிப்போர் அடுத்த மேடையில் இந்தப் பட்டியலையும் எடுத்துப் படிக்கட்டும்.